அறுவைக்குப் பிறகு, கை யாருடைய பொறுப்பு?

1917-ஆம் ஆண்டு, பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே செம்பனை நட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அது. நூறு ஆண்டுகளில் பத்தாங் பெர்ஜுந்தை பெஸ்தாரி ஜெயாவானது. லயங்கள் பல இடிபட்டு, தாமான் வீடுகள் எழுந்தன. தோட்டத்து வேலையில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்களே பெரும்பான்மை. ஆனால் கோலசிலாங்கூரிலும் அதற்கு வடக்கே சபாக் பெர்ணம், கிழக்கே உலு சிலாங்கூர் வட்டாரங்களிலும் நம் பெண்கள் பிழைப்பது இன்றும் கையை நம்பித்தான். முன்பு பால் வெட்டினார்கள், உதிரிப் பழம் பொறுக்கினார்கள், உரம் போட்டார்கள், முதுகில் தோம்பைச் சுமந்து மருந்து அடித்தார்கள். இன்று தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறார்கள், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பானை தூக்குகிறார்கள், அலுவலகம் கூட்டித் துடைக்கிறார்கள். எந்த வேலையானாலும் தோள் உயர வேண்டும், விரல் மடங்க வேண்டும், கை சுமை தாங்க வேண்டும்.

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சை கை வைக்கும் இடமோ மார்போடு நிற்பதில்லை. அக்குளுக்கும் போகிறது. நோய் போய்விட்டது என்று வீட்டுக்கு அனுப்பப்படும் பெண், கை தூக்க முடியாமலும் வீங்கிய கையோடும் மாதக்கணக்கில் அல்லாடுவது அதனால்தான். அந்தக் கையை மீட்பது ஒரு மருத்துவரால் மட்டும் ஆகிற காரியமன்று. அதற்கு ஒரு குழு வேண்டும். அந்தக் குழுவின் வேலை அறுவைக்கு முன்பே தொடங்கவும் வேண்டும்.

எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சினை?

மலேசியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருக்கிறது. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 கணக்குப்படி, வயது வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்தால், ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்களில் 34 பேருக்கு இந்நோய் கண்டறியப்படுகிறது. சீனப் பெண்களிடம் இது ஏறத்தாழ 41, இந்தியப் பெண்களிடம் 38, மலாய்ப் பெண்களிடம் 31 அல்லது 32. நாம் சராசரிக்கு மேலே இருக்கிறோம்.

அதே பதிவேடு சொல்லும் இன்னொரு செய்தி நம் பேச்சுக்கு இன்னும் முக்கியம். நோயாளிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, அதாவது 47.9 விழுக்காட்டினருக்கு, நோய் மூன்றாம் அல்லது நான்காம் நிலையில்தான் தெரிய வருகிறது. 2007 முதல் 2011 வரை கண்டறியப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த தேசிய ஆய்வில், முதல் நிலையில் வந்தவர்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 87.5 விழுக்காடு, நான்காம் நிலையில் வந்தவர்களுக்கு அது 23.3 தான். தாமதமாக வந்தால் உயிருக்கு ஆபத்து என்பதை எல்லாரும் சொல்கிறார்கள். தாமதத்தின் இன்னொரு விலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நோய் முற்றினால் அக்குளில் அதிகம் வெட்ட வேண்டும், அதன்மேல் கதிர்வீச்சும் வேண்டும். உயிர் தப்பினாலும், கைக்கு வரும் சேதம் கூடிவிடும்.

அக்குளில் என்ன நடக்கிறது?

இரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரில் ஒரு பகுதி திரும்ப இரத்தத்துக்குள் போவதில்லை. அதைத் திரட்டிக்கொண்டு போவதற்குத் தனியாக ஒரு குழாய் வலை உண்டு. அதுதான் நிணநீர் மண்டலம். கையிலிருந்து வரும் நிணநீர்க் குழாய்கள் பெரும்பாலும் அக்குளில் கூடுகின்றன. அங்கே இருபது முப்பது நிணநீர்க்கணுக்கள் இருக்கும். அவை நீரை வடிகட்டும், கிருமியைப் பிடிக்கும்.

கோலசிலாங்கூர்க் கடற்கரைப் பக்கத்துத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க அதிகம் வேண்டாம். சதுப்பு நிலத்தை விளைநிலமாக்கியவை அங்கே ஓடும் பாரிட் எனும் வடிகால் வாய்க்கால்கள். வயலுக்கு வயல் சின்னப் பாரிட், அது பெரிய பாரிட்டில் சேரும், பெரியது தண்ணீர்க் கதவு வழியாகக் கடலுக்கு. கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். கடல் நீர் திரும்பி வராது. நிணநீர்க் குழாய்களுக்குள்ளும் இப்படி ஒருவழி அடைப்பிதழ்கள் உண்டு. பாரிட்டுகள் கூடும் சந்தியை மண் போட்டு மூடினால் மேலே உள்ள வயலில் தண்ணீர் நிற்கும். அக்குள் கணுக்களை எடுப்பதும், அங்கே கதிர்வீச்சு கொடுப்பதும் அதைத்தான் செய்கின்றன.

தேங்கும் நீர் வெறும் நீரன்று, புரதம் மிகுந்தது. அது தேங்கிய இடத்தில் அழற்சி உண்டாகிறது. நாளடைவில் நார்த்திசுவும் கொழுப்பும் சேர்ந்து கை கனக்கிறது. தொடக்கத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும்; கையை உயர்த்தி வைத்தால் வடிந்துவிடும். பிறகு குழியும் விழாது, வடியவும் வடியாது. தொடக்கத்திலேயே பிடிக்க வேண்டிய நோய் இது என்பதற்குக் காரணம் இதுவே.

2013-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அக்குள் கணுக்களை முழுமையாக எடுத்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கியது. புற்றுநோய் முதலில் பரவக்கூடிய காவற்கணுவை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் இது 5.6 விழுக்காடுதான். 1890-களில் அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட் மார்போடு மார்புத் தசைகளையும் அக்குளையும் சேர்த்து எடுத்த காலத்திலிருந்து அறுவை மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டது. காவற்கணுவில் ஒன்றிரண்டில் மட்டும் நோய் இருந்தால், மார்பைக் காத்து அறுவையும் கதிர்வீச்சும் பெறும் பெண்களுக்கு அக்குளை முழுக்க வெட்ட வேண்டியதில்லை என்று அர்மாண்டோ ஜூலியானோவின் குழு 2011-இல் காட்டியது. ஆனால் இந்தச் சலுகை சீக்கிரம் வருகிறவர்களுக்கே கிடைக்கும்.

வீக்கம் மட்டுமா?

கை வீக்கம் கண்ணுக்குத் தெரியும், மற்றவை தெரிவதில்லை. அக்குளில் ஓடும் ஒரு நரம்பு அறுபட்டால் மேற்கையின் உட்பக்கம் மரத்துப்போகும் அல்லது எரியும். தோள்பட்டை எலும்பை நெஞ்சோடு பிடித்து வைக்கும் தசைக்குப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டால், எலும்பு முதுகில் துருத்திக்கொள்ளும். கை தலைக்கு மேல் போகாது. அறுவைக்குப் பிறகு சில வாரங்களில் அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் இறுகிய வடங்கள் எழலாம். கையை நீட்டினால் அவை சுண்டி இழுக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும் என்றாலும், அது என்னவென்று தெரியாத பெண், நோய் திரும்பிவிட்டது என்று அஞ்சி நடுங்குவாள். டென்மார்க்கில் 2009-இல் வெளியான ஆய்வில், அறுவை முடிந்து ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் ஆன பெண்களில் 47 விழுக்காட்டினர் வலி இருப்பதாகச் சொன்னார்கள். இவற்றோடு கீமோவால் விரல் நுனி மரத்தல், ஹார்மோன் மாத்திரையால் மூட்டு வலி, ஓய்வெடுத்தாலும் தீராத அசதி.

இவற்றை ஒவ்வொன்றாக எழுதினால் பட்டியல்தான். உண்மையில் இவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருகின்றன. ஈஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ ஐம்பது வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். வலது மார்பும் வலது அக்குளும் அறுவையானவை. தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறார். வீட்டிலும் “கையை ஆட்டாதே” என்கிறார்கள். மூன்று வாரத்தில் தோள் இறுகிவிடுகிறது. அடுத்தது கதிர்வீச்சு. அதற்குக் கையைத் தலைக்கு மேலே தூக்கி அசையாமல் படுக்க வேண்டும். தோள் வராவிட்டால் சிகிச்சை தள்ளிப்போகும். வலியால் தூக்கம் இல்லை, நடப்பதும் இல்லை, எடை ஏறுகிறது. எடை ஏறினால் கை வீங்கும் வாய்ப்பு கூடும். வீங்கிய கையோடு வேலைக்குப் போக முடியவில்லை, கையில் காசில்லை, மருத்துவமனைத் தவணைகளும் விட்டுப்போகின்றன.

இந்தச் சங்கிலியை அறுவை மருத்துவர் மட்டும் அறுக்க முடியாது. வலி மாத்திரை மட்டுமோ கைப் பயிற்சி மட்டுமோ போதாது. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கை வேண்டும். அந்தக் கைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவும் வேண்டும்.

குழுவில் யார், யார்?

மறுவாழ்வு மருத்துவ நிபுணர் முழு உடம்பையும் பார்த்துத் திட்டம் போடுபவர். தோள் வலி தசையாலா, நரம்பாலா, எலும்புக்குள் பரவிய நோயாலா என்று பிரித்தறிவது அவர் வேலை. திடீரென்று வீங்கும் கை, நாளத்தில் இரத்தம் உறைந்ததாலோ நோய் திரும்பியதாலோ கூட இருக்கலாம். அதை உறுதி செய்யாமல் கட்டுப் போடுவது ஆபத்து.

பிசியோதெரபிஸ்ட் தோளையும் வீக்கத்தையும் பார்த்துக்கொள்கிறார். பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில் 392 பெண்களைக் கொண்டு நடந்து 2021-இல் வெளியான ஆய்வு, தோள் பிரச்சினைக்கு வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கு அறுவை முடிந்த ஒரு வாரம், பத்து நாளிலேயே முறையான பயிற்சி தொடங்கினால், ஓராண்டு கழித்துக் கை நன்றாக இயங்குகிறது என்று காட்டியது. “புண் ஆறட்டும், பிறகு பார்க்கலாம்” என்பதற்கு இதைவிட நேரான பதில் வேண்டாம். அறுவைப் புண்ணில் நீர் வடிய வைத்த குழாய் உள்ள வரை தோள் மட்டத்துக்கு மேல் போகாமல் மென்மையான அசைவுகள். குழாய் எடுத்த பிறகு படிப்படியாகச் சுவரில் விரல்களை ஏற்றுவது. இதுதான் வழக்கமான வரிசை.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்பவர் அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குபவர். தலை பின்னுவது, ரவிக்கையின் பின்கொக்கி மாட்டுவது, அம்மியிலோ மிக்சியிலோ அரைப்பது, மோட்டார் சைக்கிள் பிடிப்பது என எல்லாம் அவர் கணக்கில் வரும். எந்த வேலையை இரண்டாகப் பிரித்துச் செய்யலாம், எதை இடது கைக்கு மாற்றலாம் என்று அவர் சொல்லிக்கொடுப்பார். உணவியல் நிபுணர் எடையையும் சர்க்கரையையும் கவனிப்பார். நம்மவர்களிடம் அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அறுவை ஆனதும் மீன், முட்டை, கோழியைக் கரப்பான் என்று ஒதுக்கி, வெறும் கஞ்சியோடு பத்தியம் காக்கும் வழக்கத்தை மாற்ற வேண்டும். புண் ஆறுவதற்கும் தசை திரும்புவதற்கும் புரதம் தேவை.

மனநல ஆலோசகர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கண்ணாடி பார்க்கப் பிடிக்கிறதா, கணவரோடு பேச முடிகிறதா, நல்ல காரியங்களுக்குப் போகாமல் ஒதுங்குகிறீர்களா என்பதெல்லாம் நோயின் பகுதிதான். செயற்கை மார்பகம் அழகுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். ஒரு பக்கம் எடை இல்லாமல் போனால் சிலருக்குத் தோளும் முதுகும் சாய்ந்து நடை மாறுகிறது. சரியான அளவில் ஒன்று கிடைத்தால் வலியும் குறையக்கூடும். மருத்துவச் சமூகப்பணி அதிகாரி காசு, போக்குவரத்து, வேலை ஆகியவற்றைப் பார்ப்பவர். தாதியை, நம் ஊர்ப் பேச்சில் மிஸியை, கடைசியில் சொல்கிறேன் என்றாலும், இவர்கள் எல்லாரையும் இணைக்கும் ஆள் அவர்தான்.

குழு என்பது ஏழு பேரிடம் ஏழு தடவை போய் வருவதன்று. நோயாளி வைக்கும் ஒரே இலக்கை நோக்கி ஏழு பேரும் வேலை செய்வது. “மூன்று மாதத்தில் மறுபடி வேலைக்குப் போகணும்” என்று அவர் சொன்னால், அந்த வேலையில் எந்தக் கை எவ்வளவு உயரம் போகிறது, எத்தனை கிலோ தூக்குகிறது என்பதிலிருந்து எல்லாரும் தொடங்க வேண்டும். இதனால் பலன் உண்டா? புற்றுநோயாளிகள் வேலைக்குத் திரும்புவது பற்றி 2015-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, உடற்பயிற்சி, மனநல உதவி, வேலை ஆலோசனை ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்த ஐந்து ஆய்வுகளைப் பார்த்தது. அவற்றில் 450 பேர் பங்கேற்றிருந்தனர். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட, அப்படிச் சேர்த்துப் பெற்றவர்கள் அதிகமாக வேலைக்குத் திரும்பினார்கள். வித்தியாசம் பெரிதல்ல, பத்து விழுக்காடு அளவுதான். ஆனால் அது உண்மையான வித்தியாசம்.

அளவு நாடாவும் கட்டும்

கை வீக்கத்தைப் பிடிக்க நவீன மின்கருவிகள் உண்டு. அவை இல்லாத இடத்தில் ஒரு தையல் நாடா போதும். மணிக்கட்டிலிருந்து குறித்த இடைவெளியில் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் இரு கைகளையும் சுற்றளவு எடுப்பார்கள். ஏதாவது ஓரிடத்தில் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் வீக்கம் என்பது பழைய கணக்கு. ஆனால் வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு வலது கை இயல்பிலேயே சற்றுப் பருமனாக இருக்கும். அறுவைக்கு முன் எடுத்த அளவு இல்லையென்றால், பின்னால் எடுக்கும் அளவுக்குப் பாதி மதிப்புதான். கண்ணுக்குத் தெரியாத வீக்கத்தை அளவில் பிடித்து, சில வாரங்கள் அழுத்தச் சட்டைக்கை மாட்டினாலே பலருக்குக் கை பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று அமெரிக்காவில் நிக்கோல் ஸ்டவுட் குழுவினர் 2008-இல் 196 பெண்களைக் கவனித்து எழுதினார்கள்.

வீக்கம் முற்றியவர்களுக்கு நான்கு கூறுகள் கொண்ட சிகிச்சை. முதலில் தோல் பராமரிப்பு. இரண்டாவது கையால் நிணநீரை நகர்த்துவது. இதை நம் வீடுகளில் தைலம் போட்டு உருவுவதோடும், உடம்பு பிடித்துவிடும் ஊருட்காரரிடம் போவதோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நிணநீர்க் குழாய்கள் தோலுக்கு மிக அருகில் இருக்கும் மெல்லியவை. பயிற்சி பெற்றவர் தோலை மட்டும் மெதுவாக இழுத்து விடுவார். தொடங்குவதும் கையில் அல்ல. கழுத்திலும் மார்பின் மறுபக்கத்திலும் வழியைத் திறந்துவிட்டு, பிறகுதான் கைக்கு வருவார். முட்டி மடக்கி அழுத்தித் தேய்த்தால் இருக்கிற குழாயும் கெடும்.

மூன்றாவது கட்டு. மெல்லிய பருத்தி உறை, விரல் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுருள், மேலே பஞ்சு, அதன்மேல் அதிகம் நீளாத பட்டைத் துணிகள் இரண்டு மூன்று அடுக்கு, உள்ளங்கையிலிருந்து அக்குள் வரை. கீழே அழுத்தம் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். தலைகீழாகக் கட்டினால் நீர் விரல்களில் போய்த் தேங்கும். இரண்டு முதல் நான்கு வாரம் இரவும் பகலும் கட்டோடு இருந்து, கை வற்றிய பிறகு அழுத்தச் சட்டைக்கைக்கு மாறுவார்கள். நம் வெயிலில் இதை மாட்டிக்கொண்டிருப்பது லேசான காரியமல்ல. வியர்வையில் தோல் அரிக்கும், கழற்றி எறியத் தோன்றும். தினமும் துவைக்க ஒன்று, மாட்ட ஒன்று என இரண்டு இருந்தால்தான் நடைமுறைக்கு வரும்.

நான்காவது உடற்பயிற்சி. வீங்கிய கையால் கனம் தூக்கவே கூடாது என்று பல காலம் சொல்லிவந்தார்கள். கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் 141 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு வாரம் இரு முறை மேற்பார்வையோடு படிப்படியாக எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 2009-இல் வந்த முடிவு: வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென முற்றியவர்கள் பயிற்சி செய்த குழுவில் 14 விழுக்காடு, செய்யாதவர்களில் 29 விழுக்காடு. சும்மா வைத்திருந்த கைதான் அதிகம் அவதிப்பட்டது.

எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டாம்?

அறுவையான பக்கத்துக் கையில் ஊசி போடக் கூடாது, இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது என்று ஆயுள் முழுக்க எச்சரிப்பது உலகம் முழுதும் உள்ள வழக்கம். பாஸ்டனில் 632 பெண்களைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், ஊசிக்கும் இரத்த அழுத்தப் பட்டைக்கும் விமானப் பயணத்துக்கும் வீக்கத்தோடு தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தது வேறு சிலவற்றோடு: அக்குளை முழுக்க எடுத்தது, கணுக்களுக்குக் கதிர்வீச்சு, கூடுதல் எடை, தோலுக்கடியில் பரவும் கிருமித் தொற்று. மறுகை இருக்கும்போது மறுகையில் ஊசி போட்டுக்கொள்வதில் நட்டமில்லை. ஆனால் பயப்பட வேண்டியது செம்பனை மட்டை முள்ளுக்கு, பால் வெட்டும் உளிக்கு, மண்வெட்டிக் கொப்புளத்துக்கு, சேற்றுப் புண்ணுக்கு. வடிகால் கெட்ட கையில் கிருமி நுழைந்தால் எதிர்க்க ஆளில்லை. சர்க்கரை நோய் இருந்தால் ஆபத்து இரட்டிப்பு; மலேசியாவில் இந்தியர்களிடமே அது மிக அதிகம்.

நிணநீர் வழி கெடுவதை நம் மக்கள் யானைக்கால் நோயிலும் பார்த்திருக்கிறார்கள். அதை உண்டாக்கும் புழுக்களில் ஒன்றின் அறிவியல் பெயரே புருகியா மலாயி. யானைக்கால் வீக்கத்தைப் பராமரிக்கும் அனுபவம் சொல்வது எளிது: தினமும் சோப்பால் கழுவு, ஈரம் ஒற்றி எடு, விரலிடுக்கைப் பார், வெடிப்பு இருந்தால் மருந்து போடு. கேரளத்தின் காசர்கோட்டில் உள்ள பயன்பாட்டுத் தோல் மருத்துவ நிறுவனம் இந்தத் தோல் பராமரிப்போடு கட்டையும் யோகப் பயிற்சியையும் சேர்த்து, வீட்டில் செய்துகொள்ளக் கற்றுத்தருகிறது. பெரிய கருவி ஒன்றும் இல்லை. கற்றுக்கொடுக்க ஆளும், கற்றுக்கொள்ளப் பொறுமையும் போதும்.

கை திடீரெனச் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் தைலம் தேய்க்காமல் அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் கையில் மிச்சமிருக்கும் குழாய்களும் போய்விடும்.

கிலோமீட்டர் கணக்கில் தூரம்

கோலசிலாங்கூரிலிருந்து கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். சபாக் பெர்ணமிலிருந்து நூறு அளவில். கதிர்வீச்சுக்குப் பெரும்பாலும் கோலாலம்பூருக்கோ புத்ராஜெயாவுக்கோ போக வேண்டும். வாரம் மூன்று முறை பிசியோதெரபி என்று அட்டையில் எழுதிக் கொடுப்பது சுலபம். காரில்லாத வீட்டிலிருந்து போய் வருவது அப்படியன்று.

ஆனால் தூரத்தை வெல்ல முடியும் என்பதற்கு ஆதாரம் கிள்ளானிலேயே உண்டு. அந்த மருத்துவமனையில் கேன்சர் ரிசர்ச் மலேசியா அமைப்பின் துணையோடு நோயாளிகளுக்கு வழிகாட்டும் மையம் ஒன்று அமைந்தது. பயிற்சி பெற்ற தாதியரும் சமூகத்து வழிகாட்டிகளும் ஒவ்வொரு பெண்ணையும் தொலைபேசியில் தேடி, தவணையை நினைவூட்டி, வண்டிக்கு வழி செய்து, பயத்தைக் கேட்டுத் தீர்த்தார்கள். 2014-இல் சிகிச்சையைக் கைவிட்டவர்கள் 11.5 விழுக்காடு, இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு 2015-இல் கண்டறியப்பட்டவர்களில் 4.4. நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை தொடங்குவதிலும் பலன் கொடுத்த அதே வழிகாட்டலை மறுவாழ்வுக்கும் நீட்டுவதுதான் அடுத்த படி.

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் லோ சியூ யிம் நடத்திய நான்கு வார வகுப்பு இன்னொரு முன்மாதிரி. வாரம் ஒரு முறை பெண்கள் குழுவாகக் கூடி, வீக்கம், அசதி, உணவு, மனக்கலக்கம் ஆகியவற்றைத் தாங்களே கையாளக் கற்றார்கள். 147 பெண்கள் பங்கேற்ற ஆய்வில், வகுப்புக்கு வந்தவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டிருந்தது. இப்படி ஒரு வகுப்பை தஞ்சோங் காராங்கிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ தமிழில் நடத்த மண்டபமும் ஒரு பிசியோதெரபிஸ்டும் இருந்தால் போதும். கோயில் மண்டபம் எந்தத் தோட்டத்திலும் உண்டு.

நோயைக் கடந்து வந்த பெண்ணும் குழுவில் ஒருவர்தான். 1952-இல் நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண் தன் அறுவைக்குப் பிறகு மற்ற நோயாளிகளைப் படுக்கைக்கே போய்ப் பார்த்துப் பேசத் தொடங்கினார். அது உலக இயக்கமாயிற்று. மலேசியாவில் மார்பகப் புற்றுநோய் நலச் சங்கம் 1986-இலிருந்து இயங்குகிறது. “எனக்கும் கை இப்படித்தான் இருந்தது, இப்போது பார்” என்று ஒரு பெண் சொல்லிக் காட்டுவதற்கு ஈடான மருந்து எந்த நிபுணரிடமும் இல்லை.

என்ன கேட்க வேண்டும்?

அரசு மருத்துவமனையில் நிபுணர் கிளினிக்குக் கட்டணம் குடிமக்களுக்கு மிகக் குறைவு. பாரம் மற்ற செலவுகளில்தான். குறைந்த வருமானத்தினருக்கான பெக்கா பி40 திட்டத்தில் தகுதியுள்ளவர்கள் புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்தால் ஆயிரம் ரிங்கிட் ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் ஐந்நூறு ரிங்கிட் வரை போக்குவரத்து உதவியும் பெறலாம். சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சந்தா கட்டிய தொழிலாளர்களுக்கு 2007 முதல் வேலைக்குத் திரும்பும் திட்டம் இருக்கிறது. அது வேலையிடத்து விபத்துக்கு மட்டுமானதன்று; நோயால் வேலைத்திறன் இழந்தவர்களுக்கும் உரியது. இவற்றை மருத்துவச் சமூகப்பணி அதிகாரியிடம் கேட்டால் படிவம் தருவார். கேட்காமல் யாரும் தேடி வந்து தருவதில்லை.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. அக்குள் அறுவையான பெண்ணை மறுநாளே மருந்துத் தோம்பைத் தோளில் மாட்டச் சொல்வதும், வேலையை விட்டே அனுப்புவதும் ஒரே அறியாமையின் இரண்டு முகங்கள். ஒரு மாதம் எடை குறைந்த வேலை, பிறகு படிப்படியாகக் கூட்டுவது என்று தெரபிஸ்ட் கொடுக்கும் தாளை மதித்தால், பழகிய ஒரு தொழிலாளியை இழக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில், லயத்தில், அக்கம்பக்கத்தில் யாருக்காவது மார்பக அறுவைக்குத் தேதி கொடுத்திருந்தால், அந்தத் தேதிக்கு முன்பே மருத்துவமனையில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். இரண்டு கைகளின் அளவையும் இப்போதே எடுத்து அட்டையில் எழுதுவீர்களா? அறுவைக்கு அடுத்த வாரமே பிசியோதெரபி பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் தருவீர்களா? தொடர் சிகிச்சையை எங்கள் வட்டார மருத்துவமனைக்கே மாற்றிக் கொடுப்பீர்களா? இவை சலுகைகள் அல்ல, சிகிச்சையின் பகுதி. கூச்சப்படாமல் கேளுங்கள், கூடப் போகிறவராவது கேட்கட்டும்.